எத்தனை மொட்டை மாடியோ அத்தனை மிஷின்

முந்தின நாள் ஆற்றில் விட்ட சாயத்தண்ணீர் மறுநாள் விடியலில் அவரவர் வீட்டுக்கே திரும்பி வர ஆரம்பித்தது, ஓடக்கரையில், ஒரு புதன்கிழமை. யாரும் கதவு திறந்துவிடவில்லை, தரையில் ஒரு சொட்டும் சிந்தவில்லை, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களைத் தானே நிமிர்த்திக்கொண்டு, கழுத்துவரை நிறைந்து, மேலே லேசாக நுரை கட்டி, நேற்றுச் சாயப்பட்டறையில் என்ன ஷேடு ஓடியதோ அந்த ஷேடிலேயே, வெகுநாள் கழித்து விருந்துக்கு வந்த ஒறம்பரை சமையல்கட்டில் உரிமையோடு உட்கார்ந்திருப்பதுபோல அது உட்கார்ந்திருந்தது.

முதலில் பார்த்தவர்களில் ஜெசிந்தாவும் ஒருத்தி. மூன்று மாதக் குழந்தையை வைத்திருக்கிறவள் எப்படியும் அந்நேரத்துக்கு எழுந்தாக வேண்டும். அவள் புருஷன் சவரிநாதன் நாச்சிமுத்து பட்டறையில் சாய மாஸ்டர் என்பதால் அவன் பேருக்கு எவர்சில்வர் குடம் நிறைய மெரூன் வந்திருந்தது. அவள் பேருக்கு ஒரு டம்ளர். அவள் பட்டறை வாசலை மிதித்தவள் இல்லைதான், ஆனால் சாப்பிடுகிற சோறு அந்தச் சம்பளத்தில்தானே வேகிறது. அதோடு நின்றிருந்தால் அவளும் தெருப் பெண்களைப்போலத் தலையிலடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். ஆனால் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற சங்கு, கொதிநீரில் போட்டெடுத்து வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்திருந்த அந்தச் சங்கு, அதுவும் நிமிர்ந்திருந்தது. அதிலும் ஒரு வாய் அளவு மெரூன் நின்றது.

"ஏங்க, எந்திரிங்க. இவ பேருக்கும் வந்திருக்குங்க."

"யாரு பேருக்கு?" என்றான் சவரி, கண்ணைத் திறக்காமலே.

"பாப்பா பேருக்கு."

"அவ என்னடி வேலை செஞ்சா?"

"பால் குடிச்சா," என்றாள் ஜெசிந்தா.

அவள் ஓடிப்போய்த் தொட்டில் துணியை விலக்கிப் பார்த்தாள். குழந்தை நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தது, மூச்சு ஒழுங்காகத்தான் வந்தது, பத்து விரலும் பத்தாகத்தான் இருந்தன. பத்து விரலின் நகக்கண்ணிலும் மட்டும் மெல்லிசாக, மருதாணி வைத்துக் கழுவினதுபோல, அந்த மெரூன் ஓடியிருந்தது. சாய மாஸ்டர்களுக்கு நகம் அப்படித்தான் இருக்கும், சோப்புப் போட்டாலும் சீயக்காய் போட்டாலும் போகாது. மாடி வீட்டுத் தெய்வானை அக்கா வந்து பார்த்துவிட்டு, பயந்துகிடக்கிறவளைச் சிரிக்கவைக்க நினைத்து, "இத்தனை நாளா யாரு ஜாடைன்னே தெரியல கண்ணு, இன்னைக்குத்தான் அப்பன் ஜாடை வந்திருக்குது," என்றாள். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

அன்று மத்தியானத்துக்குள் ஓடக்கரையில் யாருக்கு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. நாச்சிமுத்து முதலாளிக்கு மாடியிலிருந்த நான்கு தொட்டியும் கார் கழுவுகிற வாளியும் நிறைய வந்தது, அவர் சம்சாரத்துக்கு வெள்ளிக் குடம், டீக்கடைக்காரருக்கு ஒரு போசி, சவரக்கடைக்காரருக்குச் சொம்பு, ஐயருக்குத் தீர்த்தக் கரண்டி, ஃபாதருக்குப் பூசைக் கிண்ணம், போன வாரம்தான் மாற்றலாகி வந்த போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு டீஸ்பூன். ஆற்றைக் காப்பாற்றக் கேஸ் போட்டிருந்த கிட்டுசாமி வாத்தியாருக்கு ஒன்றுமே வராது என்று ஊர் எதிர்பார்த்தது. அவருக்கு ஒரு பெரிய அண்டா வந்தது, ஏனென்றால் அவருடைய எட்டு லைன் வீட்டிலும் குடியிருந்தவர்கள் பட்டறைக்காரர்கள். வாத்தியார் அண்டாவுக்கு எதிரே நாற்காலி போட்டுச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "சரி, நியாயந்தான்," என்று எழுந்து போனார். மாசு ஆபீசர் திருவேங்கடத்துக்கு ரெண்டு டம்ளர். அவர் கடமை தவறாதவர் ஆகையால் அதிலிருந்தே சாம்பிள் எடுத்து, பாட்டிலில் அடைத்து, மாதிரி எடுத்த இடம் என்ற வரியில் தன் வீட்டு விலாசத்தைத் தானே எழுதி அனுப்பினார்.

வந்ததை எல்லாரும் கொட்டினார்கள். சாக்கடையில் கொட்டினவர்களுக்கு மறுநாள் ஒரு கரண்டி கூடுதலாக வந்தது. பக்கத்து வீட்டு முருங்கை மரத்தடியில் கொட்டினவர்களுக்கு ரெண்டு கரண்டி கூடுதலாக வந்தது. குடத்தை மூடி போட்டு பஸ்ஸில் ஏற்றி அடுத்த ஜில்லா தாண்டிக் கிணற்றில் ஊற்றிவிட்டு லாட்ஜில் தங்கின ஒருவருக்கு, விடியலில் லாட்ஜ் வாளியில், அவர் பங்கு அங்கேயே வந்து சேர்ந்தது. அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை. கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி "மூணு குடம் வர்ற எடமுங்க" என்று பெருமையாகச் சொன்னார்கள், குடம் வருகிற வீட்டுக்காரர்கள் சொம்பு வருகிற வீட்டைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்த்தார்கள், பாத்திரக் கடையில் குடம் தீர்ந்து பிளாஸ்டிக் டிரம் வந்து இறங்கியது, வாடகைக்கு வீடு பார்க்கப் போனவர்களிடம் "எத்தனை பேருங்க?" என்று கேட்பதற்குப் பதிலாக "எத்தனை டம்ளருங்க?" என்று கேட்டார்கள்.

ஜெசிந்தாவுக்கு மட்டும் பழகவில்லை. பெரியவர்கள் கொட்டக் கொட்ட, கொட்டினதெல்லாம் கொட்டத் தெரியாதவர்கள் பக்கம் ஒதுங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டுத் தொட்டியில், வேப்பமரப் பொந்தில், தொட்டில்களுக்குப் பக்கத்துச் சங்குகளில், எங்கெல்லாம் கை இல்லையோ, இருந்தும் தூக்கிக் கொட்ட வலுவில்லையோ, அங்கெல்லாம் அது ஏறியது. பத்தாம் நாள் சங்கு போதாமல் பக்கத்துக் கிண்ணத்திலும் இருந்தது. பதினைந்தாம் நாள் குழந்தையின் கால் நகத்திலும் நேவி ப்ளூ வந்திருந்தது. எடை பார்க்கிற இடத்தில் முள் போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. இப்படியே போனால் கோயிலில் புதுநன்மை வாங்குகிற எட்டு வயசில் ஒரு வாளி, சடங்காகிற வயசில் ஒரு அண்டா என்று அவள் மனசு தானாக ஓடியது. ஓடாதே என்று அவள் சொன்னதை அது கேட்கவில்லை.

இருபதாம் நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. திருவேங்கடம் ஜீப்பில் வந்து ஊரிலிருந்த இருநூறு சாய மிஷினுக்கும் சீல் வைத்தார், வைத்துக்கொண்டே ஒவ்வொரு பட்டறை வாசலிலும் "மன்னிச்சுக்குங்க" என்றார். மறுநாள் விடியலில் ஓடக்கரையின் பாத்திரங்கள் கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்தன. அன்று ஜெசிந்தா கோயிலுக்குப் போய் மெழுகுத்திரி ஏற்றிவிட்டு வந்தாள்.

மெழுகுத்திரி உருகி ஒரு வாரத்துக்குள்ளே டீக்கடையில் பஜ்ஜி நின்றது, ரெண்டாவது வாரம் டீக்கடையே நின்றது. கிட்டுசாமி வாத்தியாரின் லைன் வீடுகளில் ஆறு காலியாயிற்று. மெத்தையைச் சுருட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக பஸ்ஸுக்கு நின்றவர்களைப் பார்த்து, ஜெயித்துவிட்ட அந்த மனிதர் வேறு தெரு வழியாக நடந்து போனார். சவரி காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு போய், சீல் வைத்த கதவுக்கு முன்னால் மற்றவர்களோடு நின்றுவிட்டுத் திரும்பினான். ஜெசிந்தாவுக்கு ரேஷன் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும்தான். சங்கு காய்ந்திருந்தது, குழந்தையின் நகம் வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது, எல்லாம் சரிதான். ஆனால் மார்பும் காய்ந்துகொண்டிருந்தது. குழந்தை ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஏமாந்து வீறிடும்போது, மிஷின் ஓடினாலும் என் பிள்ளைக்குக் கேடு, நின்றாலும் என் பிள்ளைக்குக் கேடு என்றால் நான் எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சீல் வைத்த நாற்பதாம் நாள், பத்தியக் குழம்பு ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தெய்வானை அக்கா வந்தாள். வடகம் போட்டு விற்கிறவள் அவள். கிண்ணத்தைக் கீழே வைத்தவள் போகாமல் நின்றாள்.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன், யாருக்கும் சொல்லிப்போடாதே. என்ற வியாபாரம் கெட்டுப்போகும்."

"சொல்லுங்கக்கா."

"சீல் வெக்கறதுக்கு மொத நாளு, பீட்ரூட் வடகத்துக்குக் கூழ் கிண்டுனேன் பாரு. கண்ணாடி போடாமப் போயி, பீட்ரூட் சாறுன்னு நெனச்சு இந்த மெரூன் தண்ணி போசியத் தூக்கி ஊத்திப்புட்டேன். மாடியில துணி விரிச்சு முக்காவாசி வெச்சு முடிச்சப்புறந்தான் நாத்தம் தெரிஞ்சுது. சீன்னு அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். சாயங்காலம் பார்த்தா மொறுமொறுன்னு காஞ்சு கெடக்குது."

"யாருக்கும் வித்துடலையே?"

"அட, நீ வேற. அள்ளி டப்பாவுல போட்டு வெச்சிருக்கறேன். அதில்ல சங்கதி. மறுநா வெடிஞ்சு பார்க்கறேன், ஊருக்கெல்லாம் பாத்திரம் நெம்பியிருக்குது, என்ற போசி மட்டும் கவுத்தது கவுத்தபடி இருக்குது. சீலு அன்னைக்கு மத்தியானந்தானே வெச்சாங்க."

ஜெசிந்தா குழம்பைச் சாப்பிடவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கு நடந்தாள். அங்கேதான் முதலாளிமார்களும் தொழிலாளிகளும் திருவேங்கடமும் தினமும் கூடி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுக் கலைவார்கள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை, கான்வென்டில் கேள்வி கேட்டால் மட்டும் எழுந்து பதில் சொல்லிப் பழகியவள். எனவே யாரும் கேட்காதபோதே எழுந்து, கைகளைக் கட்டிக்கொள்ள முடியாததால் குழந்தையைக் கட்டிக்கொண்டு, கொட்டினால்தான் அது திரும்பி வருகிறது, காய வைத்தால் வருவதில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தெய்வானை அக்காவின் பேரைச் சொல்லவில்லை. வடகத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்போ ஊர் பூரா வடகம் போடோணும்ங்கறியா அம்மணி?" என்றார் நாச்சிமுத்து முதலாளி. மண்டபம் நாற்பது நாளைக்கு அப்புறம் சிரித்தது.

சிரிக்காதவர் திருவேங்கடம் ஒருவர்தான். அவர் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு மிஷினை நிறுத்தணும்னு ஆசை இல்லைங்க. தண்ணி ஆத்துக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். ஊர்ல எவ்வளவு காயுதோ அவ்வளவு ஓட்டுங்க. எத்தனை மொட்டை மாடியோ அத்தனை மிஷின். மேலிடத்துக்கு நான் எழுதறேன்."

மறுநாளிலிருந்து அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினார். வீட்டு மாடி, மண்டபத்து மாடி, பள்ளிவாசல் மாடி, மாரியம்மன் கோயில் அன்னதானக் கூடத்து மாடி, பஸ் ஸ்டாண்டின் தட்டைக் கூரை எல்லாம் அளந்து பார்த்ததில் இருநூறு மிஷினில் நூற்றிமுப்பதுக்குத்தான் மாடி இருந்தது. எழுபது மிஷின் நிற்க வேண்டும். யாருடைய எழுபது என்பதில் நான்கு நாள் சண்டை நடந்தது, நாற்காலி ஒன்று உடைந்தது, கடைசியில் மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று. மேகம் போட்டால் எந்த மிஷினும் ஓடாது. ஞாயிற்றுக்கிழமை மாடிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற நாள், அன்றைக்கும் ஓடாது.

அப்படித்தான் ஓடக்கரையில் புதுப் பிழைப்பு ஒன்று ஆரம்பித்தது. விடியலில் வந்த பங்கை அவரவர் மாடிக்கு ஏற்றி, தாம்பாளத்திலும் தகரத்திலும் விரித்த பிளாஸ்டிக் பாயிலும் விரல் ஆழத்துக்கு ஊற்றி, காக்கை வராமல் பார்த்து, சாயங்காலம் பொருக்காகக் கிடக்கிற உப்பைச் சுரண்டிப் பட்டறைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும், அதனால் அந்த உப்பே மறுபடியும் மிஷினுக்குள் போயிற்று. நின்றுபோன மிஷின்காரர்களில் பாதிப்பேர் முதலாளிகளின் தொட்டிகளைக் காய வைக்கிற மாடிக்காரர்கள் ஆனார்கள், கூலி முன்னைவிடக் குறைவு. மீதிப்பேர் வேறு ஊருக்குப் போனார்கள், அவர்கள் திரும்பவில்லை. சில ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. டீக்கடை திறந்தது, பஜ்ஜி கொஞ்சம் சின்னதாக வந்தது. யாரும் கொழிக்கவில்லை, யாரும் பட்டினி கிடக்கவில்லை. அந்த இடைப்பட்ட நிலைக்கு ஊரில் பேர் இல்லாததால் "என்னமோ மாடிப் பிழைப்பு" என்று சொல்லிக்கொண்டார்கள். காலையில் எழுந்தவுடன் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள், விவசாயத்தை விட்டு முப்பது வருஷமான ஊர்.

ஜெசிந்தாவுக்குப் பால் ஊறியது. சங்கில் தண்ணீர் பாதியானது, கால்வாசியானது, ஒரு செவ்வாய்க்கிழமை அறவே காய்ந்தது. புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, காய்ந்தே இருந்தது. அவள் ஒன்பது மாதம் சுமந்ததையும் மூன்று மாதம் பயந்ததையும் ஒருசேர இறக்கி வைத்த மாதிரி இருந்தாள்.

திங்கட்கிழமை சங்கு நிறைந்திருந்தது. விளிம்புவரை, பச்சையாக.

அந்த நாள் மட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமையும் அதே பச்சை. குழந்தையின் நகத்தில் ஏறிய அந்தப் பச்சை வியாழக்கிழமைவரை போகவில்லை. மூன்றாவது திங்கட்கிழமை அது நகத்தைத் தாண்டி விரல் நுனித் தோலுக்கு வந்திருந்தது. ஊரில் எல்லாருடைய பங்கும் மாடிக்குப் போகிறது, போகாத தண்ணீர் எங்கேயோ இருக்கிறது, காய வைக்க மாடியே ஒதுக்காத அந்தத் தண்ணீர்தான் கை இல்லாதவர்களைத் தேடி நேராக வருகிறது. அந்த மாதம் ஊர் முழுக்கக் கருப்பும் மெரூனும்தான் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். இது பாட்டில் கிரீன். அவள் சங்கைக் கையில் வைத்துக்கொண்டு, பல் தேய்த்துக்கொண்டிருந்த புருஷனின் கையைப் பார்த்தாள்.

"நேத்து நீங்க ரெண்டாவது பூசைக்குப் போனீங்களே, ஃபாதர் பிரசங்கம் என்ன?"

"என்னமோ... மன்னிப்பு பத்தித்தான் சொன்னாரு."

"ஃபாதருக்கு நேத்து தொண்டை கட்டிக்கிச்சு. பிரசங்கமே இல்லைன்னு பாட்டுக்குழுப் பிள்ளைங்க சொல்லிச் சிரிக்குதுங்க."

சவரி வாயைக் கொப்பளித்தான். ரொம்ப நேரம் கொப்பளித்தான்.

"உங்க நகத்துல பச்சை எப்படி வந்துச்சு?"

"ஒரே ஒரு மிஷின், ஜெசி." அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பேசினான். "ஷட்டரைப் போட்டுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை மட்டும். முதலாளி கெஞ்சினாரு. நீ கஞ்சி குடிச்சு, இவ வீறிட்டுக் கத்தின அந்த நாப்பது நாள் இருக்கே, இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாதுடி. கையில நாலு காசு இருக்கட்டும்னு போனேன். இருநூறு ஓடின ஊர்ல ஒரு மிஷின்ல என்ன ஆகிடும்?"

"அந்த ஒரு மிஷின்தாங்க இதுல இருக்கு," என்று அவள் சங்கை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் அதை வாங்கிக்கொண்டு நின்றான். ஒரு வாய் அளவுதான், அதைச் சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலிறங்கினான்.

பட்டறைக்கு அவளும் கூடவே போனாள். நாச்சிமுத்து முதலாளி அலுவலக அறையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சங்கையும், தாயின் தோளில் கிடந்த குழந்தையின் விரலையும் பார்த்ததும் தட்டை நகர்த்தினார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம்.

"கொழந்தைங்க உடுப்பு ஆர்டருங்க அம்மணி," என்றார் சன்னமாக. "வெளிநாட்டுப் பார்ட்டி. தேதிக்கு அனுப்புலைன்னா போயிரும். போச்சுன்னா நாப்பது பேருக்கு வேலை போச்சு. உன்ற வூட்டுக்காரனும் அதுல ஒருத்தன். நா சொகத்துக்கு ஓட்டுலீங்க."

"தெரியுங்க. நிறுத்தச் சொல்லி நான் வரலைங்க. மாடி இல்லாம ஓட்டாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

"மாடிக்கு எங்க போவேன்? ஊர்ல இருக்கற மாடியெல்லாம் ஆபீசரு அளந்து எழுதிப்புட்டாரு. பஸ் ஸ்டாண்டு கூரைகூட முடிஞ்சுது. இனி ஆகாசத்துலதான் கட்டோணும்."

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஒண்ணு பாக்கி இருக்குங்க," என்றாள். "அளந்திருக்க மாட்டாரு. அது பூட்டியே கிடக்கும்."

கான்வென்டின் மொட்டை மாடி ஊரிலேயே பெரியது. நான்கு கட்டடமும் சேர்ந்த ஒரே மாடி. எந்தக் காலத்திலோ ஒரு பெண் அங்கிருந்து கீழே போன பிஷப்பின் தொப்பிமேல் கொய்யாப்பழம் போட்டாள் என்று பூட்டினதை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. தலைமையாசிரியை மதர் பெர்னதெத்தின் அறை வாசலில், பிள்ளை பெற்ற அந்தப் பெண் பதினான்கு வயசில் செய்ததுபோலவே செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்தாள்.

மதர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஜெசிந்தா சூசை. ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு. மாடிப்படியில் பிடிபட்டவள்."

"ஆமாம் மதர்."

"இப்போது எதற்கு வந்திருக்கிறாய்?"

"மாடிக்குத்தான் மதர்."

அவள் சொல்லச் சொல்ல மதரின் முகம் இறுகியது. "முந்நூறு பிள்ளைகளின் தலைக்கு மேலே சாயத்தண்ணீரைக் காய வைக்கச் சொல்கிறாயா? உன் பிள்ளைக்காக நீ பயப்படுகிறாய். என் பிள்ளைகளுக்காக நான் பயப்பட வேண்டாமா?"

"மேலே காயலைன்னா கீழே வருது மதர்," என்றாள் ஜெசிந்தா. குழந்தையின் கையைப் பிரித்து மேஜைமேல், சிவப்பு மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பச்சை விரல்கள் மேஜையை ஒருமுறை பிறாண்டின.

மதர் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "எல்.கே.ஜி. அறையில் முப்பத்திரண்டு டம்ளர்," என்றார், ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் குரலில். "மூன்று திங்கட்கிழமையாக. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் நானும் இரண்டு சிஸ்டர்களும் எடுத்து ரோஜாத் தோட்டத்தில் கொட்டிவிடுகிறோம். பெற்றோருக்குத் தெரிந்தால் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களே என்று வெளியே சொல்லவில்லை."

"கொட்டினா கூடத்தான் வரும் மதர்."

"தெரியும். போன வாரம் யு.கே.ஜி.க்கும் வந்துவிட்டது."

சுவரில் தொங்கின கடிகாரம் அடித்தது. மதர் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஜெபமாலைகளுக்கும் பறிமுதல் செய்த பம்பரங்களுக்கும் அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். எடுத்தவர் உடனே கொடுக்கவில்லை.

"உன் முதலாளியிடம் போய்ச் சொல். ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் கூடாது. சனிக்கிழமை ஓட்டட்டும், பாதி அளவு. ஞாயிறு காயட்டும், அன்று பிள்ளைகள் இல்லை. சுரண்டுவதற்கு அவரும் வரவேண்டும், ஆளை அனுப்பக் கூடாது. திங்கட்கிழமை மணி அடிக்கும்போது என் மாடியில் ஒரு பொருக்கு கிடக்கக் கூடாது. கிடந்தால் பூட்டிவிடுவேன்."

பூட்டு துருவேறிச் சாவிக்கு அசையவில்லை. நாச்சிமுத்து முதலாளியே கடப்பாரையோடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மதர் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றாம் வகுப்புப் பையனைப்போல நாக்கைக் கடித்துக்கொண்டு அதை நெம்பினார். பாதி அளவு என்றதில் அவருக்கு ஆர்டர் ரெண்டு வாரம் தள்ளிப்போயிற்று. வெளிநாட்டுப் பார்ட்டி விலையைக் குறைத்தான், திட்டினான், ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை. சவரியின் ஞாயிற்றுக்கிழமைக் கூலி போயிற்று. அந்த ஞாயிறு அவன் நிஜமாகவே முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து, கான்வென்ட் மாடியில் முதலாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பச்சைப் பொருக்கைச் சுரண்டினான். திருவேங்கடம் டேப்போடு வந்து அளந்துவிட்டு, நூற்றிமுப்பத்தி ஒன்று என்று எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடப் பந்துகள் பதினேழு மாடியில் கிடைத்தன.

திங்கட்கிழமை விடிந்தபோது ஜெசிந்தா கண்ணைத் திறக்கவில்லை. விழித்துத்தான் இருந்தாள், எழுந்து பார்க்கத்தான் பயம். "நீங்க பாருங்க," என்றாள்.

சவரி எழுந்து போவது கேட்டது. திரும்பி வருகிற சத்தம் கேட்கவில்லை.

"என்னங்க?"

"காஞ்சு கெடக்கு."

"நல்லாப் பாருங்க. உள்ளே விரலை விட்டுப் பாருங்க."

"விட்டுட்டேன். நேத்து மாடி சுரண்டுற நாள்னு காய வைக்காம விட்ட பங்கு உன் டம்ளர்ல இருக்கு, என் குடத்துல இருக்கு. சங்குல இல்லை, ஜெசி. துணிமேல கவுத்தது கவுத்தபடி இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வரவேண்டிய இடத்தில் மேகம் வந்து மூடியிருந்தது. ஓடக்கரை முழுக்கக் கதவுகள் திறந்து, ஆட்கள் வானத்தைப் பார்த்து, இன்றைக்கு மிஷின் இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு மறுபடி உள்ளே போவது கேட்டது. குழந்தை எழுந்து, பசியில்லாத குரலில், சும்மா பேச்சுக் கொடுத்தது. சவரி அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"டம்ளரை ஓரமா மூடி வையுங்க," என்றாள் ஜெசிந்தா. "வெயில் வந்ததும் நானே மாடிக்கு எடுத்துட்டுப் போறேன். அது என் பங்கு." அப்புறம் புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாடி வீட்டில் தெய்வானை அக்கா யாரையோ திட்டுகிற சத்தம், தெருவில் பால்காரரின் மணி, மதர் அடிக்கச் சொன்ன பள்ளிக்கூட மணி, மழையின் முதல் துளிகள், இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஒன்றும் அவளை எழுப்பவில்லை. பிள்ளை பெற்ற நாளிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டு, பத்து மணிவரை தூங்கினாள்.